நேர்காணல் நாடகமாகும்போது: கடல் கடந்த டிமென்ஷியா பராமரிப்பும் மேடையும்

மறதிநோய் என்று பொதுவாக அழைக்கப்படும் டிமென்ஷியாவுக்கு ஆளான ஐரோப்பிய முதியவர்கள் சிலர், தாய்லாந்து போன்ற நாடுகளில் உள்ள இல்லங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே பராமரிக்கப்படுகிறார்கள். இந்த வழக்கத்தைப் பற்றிச் சமூக அறிவியல் ஆய்வாளர்கள் குடும்பத்தினரிடமும் பராமரிப்பாளர்களிடமும் எடுக்கும் நேர்காணல்கள் நாடகமாகவும் உருவாக்கப்படும்போது வாசகருக்கு நியாயமான ஐயங்கள் எழுகின்றன. ஆய்வுக்கென்று பேசியதை நடிகர் பேசினால் அது ஆய்வா, கலையா? தன் நிலையைக் கோவையாக எடுத்துச் சொல்ல இயலாத ஒருவரை மையமாக வைத்து, மற்றவர்கள் சொன்னதைக் கொண்டு நாடகம் எழுதலாமா?

இரண்டாவது கேள்விதான் கடினமானது. நேர்காணல் நாடகங்கள் "பேசியதைப் பேசியபடியே தருகிறோம்" என்பதையே தங்கள் நேர்மைக்குச் சான்றாக முன்வைப்பவை. டிமென்ஷியா பராமரிப்பில் அந்தச் சான்று முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதியவர்கள் ஏன் நாடு மாறுகிறார்கள்

டிமென்ஷியா என்பது ஒரு தனி நோயின் பெயர் அன்று. நினைவாற்றல், மொழி, முடிவெடுக்கும் திறன், அன்றாடச் செயல்கள் ஆகியவை படிப்படியாகக் குலையும் நிலைகள் பலவற்றுக்கான பொதுப்பெயர் அது; அவற்றில் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் நோயால் வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தார்கள். 2019இல் இதற்கான உலகளாவிய செலவு 1.3 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பின் மதிப்பு. அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்கள் தருகிறார்கள்.

இந்தச் செலவின் பெரும்பகுதி மருந்துக்கோ கருவிகளுக்கோ போவதில்லை. ஒருவரைக் குளிப்பாட்டவும், ஊட்டவும், இரவில் எழுந்து நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும், ஒரே கேள்விக்கு நூறாவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்லவும் தேவைப்படும் மனித நேரத்துக்கே அது போகிறது. மனித நேரத்தின் விலை நாட்டுக்கு நாடு மாறுவதால் இரண்டு பாதைகள் உருவாயின.

1. பராமரிப்பவர் இடம்பெயர்வது. ஜெர்மானிய வீடுகளில் போலந்து, பல்கேரியா முதலிய நாடுகளின் பெண்கள் தங்கி வேலை செய்வது இவ்வகை. அவர்கள் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று ஜெர்மானியக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. கனடா 1992 முதல் 2014 வரை நடத்திய, வீட்டிலேயே தங்கிப் பணிபுரியும் பராமரிப்பாளர் திட்டமும் இதே பாதையில் அமைந்தது; அதன்வழி வந்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள்.

2. பராமரிக்கப்படுபவர் இடம்பெயர்வது. ஜெர்மனியிலிருந்து போலந்து, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி ஆகிய நாடுகளின் இல்லங்களுக்கும், ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் முதலிய நாடுகளிலிருந்து தாய்லாந்துக்கும் முதியவர்கள் செல்வது இவ்வகை.

தாய்லாந்தில் இதன் மையம் வடக்கேயுள்ள சியாங் மாய் நகரம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டின் வூட்லி, அல்சைமருக்கு ஆளான தம் தாயை அங்கே அழைத்துவந்து, 2003இல் பான் கம்லாங்சாய் என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஒரு முதியவருக்கு மூன்று பராமரிப்பாளர்கள் முறைவைத்து நாள் முழுவதும் உடனிருப்பது அங்குள்ள ஏற்பாடு. ஐரோப்பிய இல்லங்களில் நினைத்துப் பார்க்கவும் முடியாத இந்த விகிதம், 2013இல் வந்த செய்திகளின்படி மாதம் சுமார் 3,800 டாலருக்குக் கிடைத்தது. ஸ்விட்சர்லாந்தில் சாதாரண இல்லத்துக்கு ஆகும் செலவில் அது மூன்றில் ஒரு பங்கு.

மலிவு என்பதோடு கதை முடிவதில்லை. சொந்த நாட்டு நல்வாழ்வு ஏற்பாடுகள் எல்லையைத் தாண்டி வருவதில்லை. 1995இல் தொடங்கிய ஜெர்மானியப் பராமரிப்புக் காப்பீடு, பயனாளி ஐரோப்பாவுக்கு வெளியே ஆண்டுக்குச் சில வாரங்களுக்கு மேல் தங்கினால் நிறுத்திவைக்கப்படுகிறது. தாய்லாந்தில் குடியேறும் பிரிட்டன்காரரின் அரசு ஓய்வூதியம் அன்றிருந்த தொகையிலேயே உறைந்துவிடுகிறது. ஆண்டு உயர்வு கிடையாது. தாய்லாந்தின் ஓய்வுக்கால விசாவுக்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஆக, இது ஏழைகளின் பாதையும் அன்று, பெரும் பணக்காரரின் பாதையும் அன்று. சொந்த நாட்டில் நல்ல பராமரிப்பை வாங்கப் போதாததும், அயல்நாட்டில் வாங்கப் போதுமானதுமான ஒரு நடுத்தரச் சேமிப்பின் பாதை. ஜெர்மானிய ஊடகங்கள் இதைப் "பாட்டி ஏற்றுமதி" என்று ஏளனமாகக் குறிப்பிட்டன. ஏளனத்தில் பிள்ளைகள்மீதான கோபம் இருக்கிறது. காப்பீட்டு விதிகள்மீதான கோபம் காணவில்லை. நாடகம் எழுதுபவர்களும் இதே பள்ளத்தில் விழக்கூடும்.

ஆய்வு ஏன் மேடையை நாடுகிறது

பதிவுசெய்த பேச்சிலிருந்து நாடகம் செய்வது புதிதல்ல. பிரிட்டனின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரில் பீட்டர் சீஸ்மன் 1960களிலிருந்தே உள்ளூர் மக்களின் வாய்மொழிகளைச் சேகரித்து நாடகங்களை உருவாக்கினார். இவ்வகைக்கு "சொல்லுக்குச் சொல் நாடகம்" என்ற பொருளில் வழங்கும் வெர்பாட்டிம் நாடகம் என்ற பெயரை 1987இல் நாடக ஆய்வாளர் டெரெக் பேஜெட் நிலைபெறச் செய்தார். அமெரிக்காவில் 1990களில் அன்னா டெவெர் ஸ்மித் தாம் நேர்கண்ட பலரையும் தாம் ஒருவரே நடித்துக் காட்டினார். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஜிம் மியன்சாகோவ்ஸ்கி, மனநலச் சேவையில் இருந்தவர்களோடு சேர்ந்து ஆய்வு நாடகங்களை உருவாக்கினார்.

கடல் கடந்த பராமரிப்புக்கு மிக நெருங்கிய முன்னோடி, புவியியலாளர்களான ஜெரால்டின் பிராட்டும் காலெப் ஜான்ஸ்டனும் கனடாவின் வான்கூவரில் பிலிப்பைன்ஸ் பெண்கள் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து உருவாக்கிய 'நானாய்'. தாகாலோக் மொழியில் 'அம்மா' என்பது அதன் பொருள். வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கனடிய முதலாளிகள் ஆகியோரிடம் எடுத்த ஆய்வு நேர்காணல்களிலிருந்து தனிமொழிகளை அமைத்து, பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக இடம்விட்டு இடம் நகர்த்திக் காட்டிய நாடகம் அது. 2009இல் வான்கூவரிலும் பெர்லினிலும், 2013இல் மணிலாவிலும் அது நிகழ்ந்தது. இதே இருவர் பிற்பாடு தாய்லாந்தின் டிமென்ஷியா பராமரிப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது தற்செயல் அன்று: பராமரிப்பவரின் இடப்பெயர்வும் பராமரிக்கப்படுபவரின் இடப்பெயர்வும் ஒரே பொருளாதாரத்தின் இரு முகங்கள்.

ஆய்வுக் கட்டுரையால் செய்ய முடியாத எதை மேடை செய்கிறது? கட்டுரை எழுதும் முறையிலேயே விடை உள்ளது. ஆய்வாளர் ஐம்பது நேர்காணல்களைத் துண்டுகளாக்கி, "குற்றவுணர்வு", "செலவு", "நம்பிக்கை" என்ற தலைப்புகளின்கீழ் அடுக்குகிறார். ஒரே மகள் முதல் பக்கத்தில் நிம்மதியையும் இருபதாம் பக்கத்தில் அவமானத்தையும் பேசியிருந்தால், அவை இரண்டும் வெவ்வேறு தலைப்புகளுக்குள் போய்விடுகின்றன. முரண்பட்ட இரண்டு கூற்றுகளும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பதை வாசகர் உணர்வதற்கு வழியில்லை. மேடையில் அவை ஒரே உடலில், ஒரே மூச்சில் நிகழ்கின்றன. கிடைக்கும் இந்தக் கூடுதல் அறிவு அழகியல் சார்ந்தது மட்டுமன்று, பகுப்பாய்வு சார்ந்ததும்கூட.

ஒரு பதிவு பிரதியாகும் விதம்

விளக்கத்துக்காகவே புனைந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தாயைச் சியாங் மாயில் விட்டுவந்த ஒரு மகள் ஆய்வாளரிடம் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"அம்மா அங்க சந்தோஷமா இருக்காங்க. இருக்காங்கன்னுதான்… வாரா வாரம் போட்டோ அனுப்புறாங்க, சிரிச்சிட்டுத்தான் இருக்காங்க. போன தடவ போனப்ப என்னைய… இல்ல, இங்கயே இருந்திருந்தாலும் மறந்துதான் இருப்பாங்க. டாக்டரும் அதத்தான் சொன்னாரு. அங்க ஒரு பொண்ணு இருக்கு, ராத்திரி பக்கத்துலயே படுத்துக்கும். நான் அப்படிப் படுத்திருப்பேனா? சொல்லுங்க."

ஆய்விதழில் இது, "தாயின் நலம் குறித்துக் குடும்பத்தினர் பொதுவாக நிறைவு தெரிவித்தனர், சிலரிடம் குற்றவுணர்வு காணப்பட்டது" என்றாகும். நாடகப் பிரதியை உருவாக்குபவருக்கோ சொன்னதைவிட அறுந்த இடங்கள் முக்கியம். "என்னைய" என்ற சொல்லுக்குப் பின் வந்திருக்க வேண்டிய வினைச்சொல் வரவில்லை. கடைசிக் கேள்வி ஆய்வாளரை நோக்கி வீசப்பட்டது, பதில் எதிர்பார்க்கப்பட்டது. பிரதியைச் "சுத்தம்" செய்யும் ஆர்வத்தில் இந்த அறுபடல்களை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு கருத்து மட்டுமே. நடிகர் செய்வதற்கு அதில் எதுவும் இராது.

தேர்வும் இங்கேயே தொடங்குகிறது. இரண்டு மணி நேரப் பேச்சிலிருந்து நான்கு நிமிடத் தனிமொழியைப் பிரித்தெடுப்பவர், சொற்களில் ஒன்றைக்கூட மாற்றாமலேயே அந்த மகளைப் புனிதராகவும் காட்டலாம், சுயநலக்காரராகவும் காட்டலாம். ஆகவே "ஒரு சொல்லும் எங்களுடையதன்று" என்ற அறிவிப்பு உண்மையாகவே இருந்தாலும், அது பார்வையாளருக்குத் தரும் உறுதி மிகக் குறைவு.

பேசாதவரைப் பற்றிய நாடகம்

இத்தகைய ஆய்வுகளில் சேரும் பதிவுகளைப் பேச்சின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்தினால் ஒரு சாய்வு தெரியும். இல்ல உரிமையாளரும் மேலாளரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். விளக்குவது அவர்கள் தொழில். பிள்ளைகள் நிறையப் பேசுவார்கள். நியாயப்படுத்த வேண்டிய சுமை அவர்களுக்கு இருக்கிறது. பராமரிப்பாளர்கள் சுருக்கமாக, மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுவார்கள். யாரைச் சுற்றி இவ்வளவும் நடக்கிறதோ அவருடைய பதிவு சில வரிகளாக இருக்கும்; பெரும்பாலும் அதுவும் இராது. கிடைத்த பேச்சுக்கு உண்மையாக இருக்கும் நாடகம் இந்தச் சாய்வையும் அப்படியே மேடையேற்றிவிடும். அதாவது, அதிகம் பேசக்கூடியவரின் நாடகமாகவே அது அமையும்.

நேர்காணல் என்ற வடிவமே நினைவாற்றலைக் கேட்கும் வடிவம். "எப்போது இங்கே வந்தீர்கள்?", "முன்பு எப்படி இருந்தது?" என்ற எளிய கேள்விகள்கூட டிமென்ஷியா உள்ளவருக்குத் தேர்வுத்தாளாகிவிடுகின்றன. ஆனால் பேச்சு குலைந்த பின்னும் ஆள் குலைந்துபோவதில்லை என்பதை இத்துறை ஆய்வு நீண்ட காலமாக வலியுறுத்திவருகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டாம் கிட்வுட் 1990களில், டிமென்ஷியா உள்ளவரின் ஆளுமை பிறர் அவரை நடத்தும் விதத்தில் காக்கப்படுகிறது அல்லது சிதைக்கப்படுகிறது என்று வாதிட்டார். கனடிய ஆய்வாளர் பியா கோன்டோஸ், தன்னிலை என்பது உடலின் பழக்கங்களிலும் சைகைகளிலும் தங்கியிருக்கிறது என்று காட்டினார். கழுத்தணியைச் சரிசெய்யும் விரல், இசை கேட்டதும் தாளமிடும் கால், எதிரில் இருப்பவரின் தட்டைத் தன் பக்கம் இழுக்காமல் அவர் பக்கம் நகர்த்தும் மரியாதை ஆகியவை ஒலிப்பதிவில் விழாதவை. ஆய்வாளரின் களக்குறிப்பேட்டில் மட்டுமே இருப்பவை.

நாடகக் குழுவின் முன் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன.

1. நோயாளியை மேடையில் காட்டாமல், ஒரு வெற்று நாற்காலியைச் சுற்றி மற்றவர்களைப் பேசவைப்பது. இது நாகரிகமான வழி. எனவே அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. "அவர் ஏற்கெனவே போய்விட்டார்" என்ற கருத்தை நாற்காலி வழிமொழிகிறது. அவரை வேறு கண்டத்தில் விட்டுவருவதை எளிதாக்கும் கருத்தும் அதுவே.

2. ஒரு நடிகர் நோயின் அறிகுறிகளை நடித்துக் காட்டுவது. நடுக்கம், வெறித்த பார்வை, தடுமாற்றம் என்று இது விரைவில் ஒப்புப்போலியாகிவிடும். பார்வையாளர் நடிகரின் திறமையைப் பாராட்டுவார்கள்; நோயாளி மறுபடியும் காணாமல் போவார்.

3. களக்குறிப்புகளை அசைவுகளாக மாற்றுவது. நடிகர் நோயை நடிக்காமல், ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட பிற்பகலில் செய்த செயல்களை அதே வேகத்தில் செய்கிறார். பக்கத்தில் பராமரிப்பாளரின் வேலையும் அதே துல்லியத்துடன் நடக்கிறது.

மூன்றாவது வழி கடினமானது. மேடையில் நேரத்தை விழுங்குவது. ஆனால் நேரம்தான் இங்கே விற்கப்படும் பொருள். ஒரு கவளம் ஊட்ட ஆகும் நேரத்தை முழுமையாகக் காட்டினால், சியாங் மாயில் ஏன் மூன்று பேர் தேவைப்படுகிறார்கள் என்பதும், ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில் ஏன் அதற்கு அவ்வளவு விலை என்பதும் புள்ளிவிவரம் ஏதுமின்றியே விளங்கும். பெரும்பாலான நெறியாளர்கள் திரும்பத் திரும்ப வருவதைச் சலிப்பென்று வெட்டுகிறார்கள். பராமரிப்பில் திரும்பத் திரும்பச் செய்வதே உழைப்பு என்பதால், அதை வெட்டுவது தரவை வெட்டுவதாகும்.

கனடாவில் 'கிராக்ட்: நியூ லைட் ஆன் டிமென்ஷியா' என்ற நாடகத்தை உருவாக்கிய கலைஞர்-ஆய்வாளர் குழு, டிமென்ஷியா உள்ளவர்களையும் குடும்பத்தினரையும் உருவாக்கக் கட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது, நோயைத் துன்பியலாக மட்டும் காணும் பார்வையைக் கேள்வி கேட்பதே அதன் நோக்கம். கடல் கடந்த பராமரிப்பில் இப்படிச் சேர்த்துக்கொள்வது கூடுதல் சிக்கலானது. ஒத்திகை ஒரு கண்டத்தில் நடக்கிறது, முதியவர்கள் இன்னொரு கண்டத்தில் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர் எங்கே நிற்கிறார்

சியாங் மாயின் பராமரிப்பாளர்களில் பலரின் வீட்டு மொழி கம் முவாங் எனப்படும் வடக்குத் தாய்லாந்து மொழி. ஆய்வாளரோடு அவர்கள் பேசுவது பாங்காக் வழக்கிலான தாய்லாந்து மொழி. அதை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்குகிறார். ஐரோப்பிய மேடைக்கு அது ஜெர்மனாகவும் மாறலாம். இத்தனை கை மாறி வந்த வாக்கியத்தைச் "சொல்லுக்குச் சொல்" என்று அறிவிப்பது எந்த நியாயத்தில்?

மொழியைவிட அறையும் முக்கியம். ஒரு பராமரிப்பாளர், "அவர் எனக்குத் தாய் மாதிரி" என்று சொன்னால் அது உள்ளத்தின் அன்பாக இருக்கலாம். விருந்தாளியான ஆய்வாளருக்குக் காட்டும் உபசாரமாக இருக்கலாம். நேர்காணலை ஏற்பாடு செய்த மேலாளர் அடுத்த அறையில் இருக்கும்போது சொல்லத்தக்க பாதுகாப்பான ஒரே பதிலாகவும் இருக்கலாம். மூன்றும் ஒருசேர இருப்பதற்கும் தடையில்லை. நேர்காணல் நாடகங்கள் பலவும் கேள்வி கேட்டவரை நீக்கிவிட்டுப் பதிலை மட்டும் தனிமொழியாக்குகின்றன. இந்தப் பொருளில் அப்படிச் செய்வது தவறு என்றே கருதுகிறேன். ஆய்வாளர், மொழிபெயர்ப்பாளர், ஒலிப்பதிவுக் கருவி, கதவு எல்லாம் மேடையில் இருந்தால்தான் அந்த வாக்கியத்தின் எடையைப் பார்வையாளர் தாமே நிறுத்துப் பார்க்க முடியும்.

"முதியோரை மதிப்பது தாய்லாந்துப் பண்பாடு" என்ற விளம்பர வாசகம் நாடகத்துக்குள் நுழையும் வாயிலும் இதுவே. புன்னகையும் பொறுமையும் அந்நாட்டுப் பெண்களின் இயல்பு என்று காட்டிவிட்டால், பயிற்சி, களைப்பு, இரவுப்பணி, ஊதியம் எல்லாம் மறைந்து, உழைப்பு குணமாக மாறிவிடும். தாய்லாந்தும் விரைந்து முதுமையடையும் நாடு. அங்கே ஐந்தில் ஒருவர் 60 வயதை எட்டியவர். ஐரோப்பியத் தாய்க்கு அருகில் இரவில் படுத்துறங்கும் பெண்ணின் தாய்க்கு அருகில் யார் இருக்கிறார்கள் என்பது நேர்காணல் வினாப்பட்டியலில் இல்லாவிட்டால், நாடகத்திலும் இராது. 2020 ஏப்ரலில் தாய்லாந்து வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தியபோது குடும்பங்கள் திரைகளுக்கு அப்பால் நின்றன. தொடும் தூரத்தில் இருந்தவர்கள் பராமரிப்பாளர்கள் மட்டுமே. பணம், உறவு, அருகிருத்தல் ஆகிய மூன்றும் பிரிந்து நின்ற அந்த மாதங்கள் ஒரு முழுக் காட்சிக்கே போதுமானவை.

ஒப்புதல், அடையாளம், உரிமை

1. ஆய்வுக்குக் கொடுத்த ஒப்புதல் மேடைக்கு நீளாது. ஆய்விதழில் பெயரின்றி மேற்கோளாவதும், தன் தயக்கங்களை அந்நியர் ஒருவர் மேடையில் பேசக் கேட்பதும் ஒன்றல்ல. நாடகத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும். பிரதியைக் காட்டிய பின் விலகும் உரிமையும் வேண்டும்.

2. டிமென்ஷியா உள்ளவரிடம் ஒருமுறை கையெழுத்து வாங்கினால் போதாது. டிமென்ஷியா ஆய்வாளர் ஜேன் டூயிங் போன்றோர் முன்வைத்த தொடர் ஒப்புதல் முறையில், ஒவ்வொரு சந்திப்பிலும் அவருடைய முகம், உடல், விலகல், ஈடுபாடு ஆகியவற்றைக் கொண்டு விருப்பம் மறுபடியும் மறுபடியும் அறியப்படுகிறது.

3. பெயரை மாற்றுவதால் அடையாளம் மறையாது. சியாங் மாயில் இத்தகைய இல்லங்கள் அதிகமில்லை. இல்லத்தின் அமைப்பையும் முதியவரின் பழைய தொழிலையும் சொன்னாலே போதும், அங்குள்ளவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். எனவே பலரின் பேச்சை இணைத்து ஒரு பாத்திரம் ஆக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்ததை அறிவிப்பதே நேர்மை.

4. பராமரிப்பாளர் இழக்கக்கூடியது அதிகம். மகளின் கூற்று வெளிப்பட்டால் வருவது தர்மசங்கடம். பராமரிப்பாளரின் முறையீடு வெளிப்பட்டால் போவது வேலை.

பார்வையாளரும் பின்விளைவும்

நாடகம் முடிந்தபின் நடக்கும் உரையாடலை ஆய்வாளர்கள் பதிவுசெய்வதுண்டு. அது புதிய தரவாகிறது. ஆயினும் கண்ணீர் சான்றாகாது. பார்வையாளர் நெகிழ்ந்தார் என்பதிலிருந்து அவர் எதை அறிந்தார் என்றோ, எந்தக் கொள்கை மாறும் என்றோ முடிவுகட்ட முடியாது. யாருக்காக நெகிழ்ந்தார் என்று கேட்பதே பயனுள்ளது. ஐரோப்பிய அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் நடுவயதுப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். நாளை தங்களுக்கும் இந்த முடிவு வரக்கூடும் என்ற அச்சத்தோடு அவர்கள் மகளின் பாத்திரத்தில் தங்களைக் காண்பார்கள். அந்த அனுதாபம் பராமரிப்புக் காப்பீட்டின் எல்லை விதிகளை நோக்கித் திரும்புமா, "பாவம், வேறு என்ன செய்வாள்" என்ற ஆறுதலில் அடங்கிவிடுமா என்பது காட்சிகளை அடுக்கும் வரிசையைப் பெரிதும் பொறுத்தது. மகளின் தனிமொழி இறுதியில் வந்தால் இரண்டாவது நடக்கவே வாய்ப்பு அதிகம்.

'நானாய்' மணிலாவுக்குச் சென்றபோது முதலாளிகளின் நாட்டில் உருவான பிரதி, பணியாளர்களின் குடும்பங்கள் வாழும் நாட்டில் வைத்துப் பார்க்கப்பட்டது. டிமென்ஷியா பராமரிப்பு நாடகமும் சியாங் மாய்க்குப் போக வேண்டுமென்றால் அதற்கு நடைமுறை ஏற்பாடுகள் தேவை: தாய்லாந்து மொழியில் பிரதி, பணிமுறை மாறும் நேரத்துக்கு ஏற்ற காட்சி நேரம், வந்து பார்க்கும் பராமரிப்பாளருக்கு அந்த நேரத்துக்கான ஊதியம், இல்ல நிர்வாகிகள் இல்லாத ஒரு தனிக் காட்சி. மானியம் தரும் பல்கலைக்கழகங்களின் நிதித் திட்டத்தில் ஐரோப்பியக் காட்சிகளுக்கான செலவு முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இந்த நான்கும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதை நாடகத்தின் முதல் வரைவுக்கு முன்பே கேட்க வேண்டும்.